ஒரே பார்சலுக்கு இரண்டு முறை ஜிஎஸ்டி: சிங்கப்பூரில் அந்தக் காசைத் திரும்ப வாங்க

வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போடும்போதே 9% ஜிஎஸ்டி கட்டியாகிவிட்டது. பெட்டி சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் கூரியரிடமிருந்து இன்னொரு 9% கேட்டு பில் வருகிறது, கூடவே அவர்களுடைய கட்டணமும். சட்டப்படி இப்படி நடக்கக் கூடாது. ஆனாலும் நடக்கிறது. யாருக்கு நடக்கும் என்றுகூட முன்கூட்டியே சொல்லிவிடலாம்: தனித்தனியே 400 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) உள்ள பொருள்களை ஒரே பெட்டியில் போட்டு, மொத்தம் 400-ஐத் தாண்டியவர்களுக்கு.

என் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு 260 வெள்ளி, ஹெட்ஃபோன் 190, அனுப்பும் செலவு 30. ஆக 480. அதில் 9%, 43.20 வெள்ளியைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கூரியரும் அதே 43.20-ஐக் கேட்டது. அதற்கு மேல் டிஸ்பர்ஸ்மென்ட் ஃபீ என்று ஒன்று, வரியை நமக்காக முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் வாங்கும் கட்டணம்.

சிக்கல் எங்கே என்றால், 400 என்ற ஒரே எண்ணை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக அளக்கிறார்கள். 2023 ஜனவரி 1 முதல், விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்குப் பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளரே ஜிஎஸ்டி வசூலிக்க வேண்டும். அங்கே பார்ப்பது ஒவ்வொரு பொருளின் விலையை மட்டும், அனுப்பும் செலவு சேராமல். சுங்கத்துறை பார்ப்பதோ பெட்டியின் மொத்த மதிப்பை: விலை, காப்புறுதி, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து. அது 400-ஐத் தாண்டினால்தான் எல்லையில் வரி. என் கீபோர்டும் ஹெட்ஃபோனும் முதல் கணக்கில் சிறு மதிப்புப் பொருள்கள். இரண்டாவது கணக்கில் 480 வெள்ளிச் சரக்கு.

இந்த இரண்டு கணக்கையும் இணைப்பது ஒரே ஒரு தாள்தான், பெட்டியோடு வரும் இன்வாய்ஸ். விற்பனையாளரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணும், எந்தெந்தப் பொருளுக்கு வரி கட்டியாகிவிட்டது என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தகவல் கூரியருக்கும் போய்ச் சேர வேண்டும். என் பெட்டியின் இன்வாய்ஸில் பொருளின் பெயர், விலை, எடை எல்லாம் பளிச்சென்று இருந்தன. பதிவு எண் மட்டும் இல்லை. எண் இல்லையென்றால் சுங்கத்துறைக்கு விவரம் தரும் கூரியரின் டிக்ளரேஷன் பிரிவுக்கு அது வரி கட்டாத சரக்கு, அவ்வளவுதான்.

பிறகு ஆரம்பிக்கும் பந்தாட்டம்தான் எரிச்சல். கடையின் சாட்டில் "சுங்கத்துறையைக் கேளுங்கள்" என்பார்கள். கூரியரின் ஹாட்லைனில் "கடையைக் கேளுங்கள்" என்பார்கள். இரண்டு பக்கமும் பணிவாகப் பேசுவார்கள். யாரும் ஒரு காசு தரமாட்டார்கள். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, திருப்பித் தர வேண்டியவர் விற்பனையாளர். எல்லையில் வரி கட்டியதற்கு ஆதாரம் காட்டினால், தான் வசூலித்ததை அவர் திருப்பலாம். கூரியரோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

ஆதாரம் என்றால் கூரியரின் பில் மட்டும் போதாது. அதைக் கடைக்கு அனுப்பியபோது "இது சேவைக் கட்டண ரசீது" என்று ஒரே வரியில் நிராகரித்தார்கள். கேட்டு வாங்க வேண்டியது, உங்கள் சரக்குக்காகக் கூரியர் எடுத்த இறக்குமதி பெர்மிட்டின் நகல். அதில் சரக்கின் மதிப்பும் கட்டிய ஜிஎஸ்டியும் தெளிவாக இருக்கும். ஹாட்லைனில் இருப்பவருக்குப் பல நேரம் பெர்மிட் என்றால் என்னவென்றே தெரியாது. ஏர்வே பில் எண்ணை (பார்சலுக்குக் கூரியர் தரும் எண்) குறிப்பிட்டு பில்லிங் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். பெர்மிட், கூரியர் பில், பணம் கட்டிய ரசீது, கடையின் இன்வாய்ஸ் நான்கையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பியதும், அதே சாட்டில் பேச்சு மாறியது. 43.20 வந்து சேர்ந்தது. டிஸ்பர்ஸ்மென்ட் ஃபீ வரவில்லை, வரவும் வராது. அது வரியல்ல, கூரியரின் சொந்தக் கட்டணம்.

இதைவிட நல்லது, பெர்மிட் எடுக்கும் முன்பே தடுத்துவிடுவது. பார்சல் கிளம்பிவிட்டது என்று தகவல் வந்த அன்றே, கடையின் இன்வாய்ஸைத் திறந்து பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். எண் சரியென்றால், பெட்டி இங்கே இறங்குவதற்குள் அந்த இன்வாய்ஸைக் கூரியருக்கு அனுப்பிவிடுங்கள். எண்ணே இல்லாமல் "வரி" என்று வசூலித்திருந்தால், அந்தக் காசு எங்கே போகிறது என்று கடையைக் கேட்பதில் தப்பே இல்லை.

சிறிய கடைகள் பெரும்பாலும் பதிவுபெற்றிருக்காது. உலக விற்றுமுதல் பத்து லட்சம் வெள்ளியையும், இங்குள்ள வாடிக்கையாளர்களுக்கு விற்றது ஒரு லட்சம் வெள்ளியையும் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அத்தகைய கடையில் 390 வெள்ளிக்குப் பொருள் வாங்கி, 25 வெள்ளி அனுப்பும் செலவு கொடுத்தால் மொத்தம் 415. மேலே உள்ள 15 வெள்ளிக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முழு 415-க்கும் 9%, அதாவது 37.35. இங்கே மலிவான அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுப்பதே உண்மையான சேமிப்பு.

பல கடைப் பெட்டிகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் ஃபார்வர்டர்களிடமும் கவனம் தேவை. 150 வெள்ளிப் பெட்டி மூன்றைச் சேர்த்தால் 450. தனித்தனியே வந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அனுப்பும் செலவில் மிச்சம் பிடித்ததை வரியில் விட்டுவிடுவீர்கள்.

தள்ளுபடியில் வாங்கினால், பெட்டியில் வரும் இன்வாய்ஸில் நீங்கள் கொடுத்த விலை இருக்க வேண்டும், பழைய விலை அல்ல. விலையைக் குறைத்துப் போடவா என்று சில விற்பனையாளர்கள் தாங்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். பொய்யான மதிப்பு காட்டுவது குற்றம். மதுவுக்கும் புகையிலைக்கும் இந்த 400 வெள்ளிச் சலுகையே கிடையாது.