ஹலசூரு டைரி: குறளும் டிஸ்டார்ஷனும்

ஜூன் 7, சனி

எங்க ராக் பேண்டோட ஆல்பம் திருக்குறள் அறத்துப்பால்லதான்னு முடிவாயிடுச்சு. 38 அதிகாரம், 380 குறள், எதை எடுக்கறதுன்னு மதியம் பூரா சண்டை. ட்ரம்மர் கொல்லாமைதான் வேணும்கறான் (கொல்லாமைக்கு டபுள் பேஸ் ட்ரம், நல்லா வெளங்கும்). எனக்கு ஒரே பயம்தான், ஸ்கூல் பிரேயர் மாதிரி ஆயிடக்கூடாது, அதைச் செய் இதைச் செய்யாதேன்னு பாடினா எவன் கேப்பான். அப்பதான் பாடற அக்கா 292-வது குறளை எடுத்துப் போட்டாங்க. குத்தமில்லாத நன்மை வரும்னா பொய்யும் வாய்மையோட எடத்துல நிக்கும்னு, அதுவும் வாய்மை அதிகாரத்துக்குள்ளயே வள்ளுவர் சொல்றாரு. அடிச்சுக்கற அளவுக்கு விஷயம் இருக்கு, இதான் மொதல் பாட்டு.

ஜூன் 8, ஞாயிறு

குறள்ல மொத அடி நாலு சீர், அடுத்தது மூணு. மிருதங்கம் சார் அதை அப்படியே 4+3-ஆ வச்சு விலோம சாப்பு தாளம்னுட்டாரு. ட்ரம்மருக்குப் பழகினது 3+4 மிஸ்ர சாப்பு, சுத்துக்கு சுத்து ஸ்னேர் எங்கயோ போய் விழுது, "ஏனு குரு இது"ன்னு தலைல கை வச்சு உக்காந்துட்டான். சார் கோவப்படல, காபி குடிச்சுட்டு வாங்க தம்பின்னாரு. அப்படியே பெங்களூரு ஹலசூரு ஏரிக்கரை வள்ளுவர் சிலை கதை வந்துச்சு, 18 வருஷம் மூடியே கெடந்து 2009 ஆகஸ்ட்லதான் தெறந்தாங்க. நம்ம ஆல்பம் அவ்ளோ நாள் ஆகாம இருந்தா சரி.

ஜூன் 12, வியாழன்

மழை. சில்க் போர்டு டிராஃபிக்லயே சாயங்காலம் போச்சு, ப்ராக்டிஸ் இல்ல.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா ஹிந்தோள ராகத்துல மெட்டு போட்டிருக்காங்க, எனக்கு அங்கதான் இடி. கிட்டார்ல டிஸ்டார்ஷன் (கரகர எஃபெக்ட்) ஏத்தினா முழு கார்டு (பல ஸ்வரம் சேத்து அடிக்கறது) கொழகொழன்னு ஆயிடும், அதான் ராக்ல ஸ-ப மட்டும் வச்சு பவர் கார்டு அடிப்போம், ஹிந்தோளத்துல ப-வே கெடையாது! சரின்னு ஸ-ம அடிச்சேன். கொஞ்ச நேரத்துல காது ம-வையே ஸ-ன்னு எடுத்துக்க ஆரம்பிச்சுடுச்சு. சார் சிரிக்கறாரு, கிரக பேதம்பா, ஹிந்தோளத்துல ம-வை ஸ ஆக்கினா சுத்த தன்யாசி ராகம்தான வரும்னு. சுத்த தன்யாசின்னா நாங்க காலேஜ்லேர்ந்து தேச்சுட்டு இருக்கற அதே மைனர் பென்டடானிக், ப்ளூஸ்ல வர்ற அஞ்சு ஸ்வர ஸ்கேல்! அதே அஞ்சு ஸ்வரம், அவங்களுக்கு ஹிந்தோளம், எங்களுக்கு ப்ளூஸ், இதுல யாரு பொய் சொல்றா? 292-க்கு இதை விட என்ன வேணும், வரியே இல்லன்னாலும் போகும்னு தோணுச்சு (அக்கா கிட்ட சொல்லல, அடி விழும்).

ஜூன் 21, சனி

மிக்ஸிங். தம்புரா (ஸ எதுன்னு காட்டற சுருதி) இல்லாமலே ஆரம்பிக்கறோம், கிட்டார் காதை ஏமாத்தட்டும், கடைசில 300-வது குறள் வரும்போது, நாம கண்டதுல வாய்மையை விட நல்லது வேற எதுவும் இல்லங்கற எடம், ம-ஸ தம்புரா மெதுவா ஏறும், அதுவரைக்கும் கேட்டதெல்லாம் எடம் மாறி உக்காரும். ட்ரம்மர் ஹெட்ஃபோனைக் கழட்டி எப்ப ஸ்கேல் மாத்துனேன்னு கேட்டான். மாத்தவே இல்லடான்னேன், நம்பல. சார் மட்டும் தம்புரா ரெண்டு சுத்து முன்னாடியே வரணும்கறாரு, அக்காவுக்கு அதுல இஷ்டமில்ல, அடுத்த வாரம் ரெண்டு மாதிரியும் போட்டுக் கேட்கணும்.