இந்தா வந்திட்டன்

"சின்ன விசயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழாதை" என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. சின்ன விசயத்துக்குத்தானே எரிந்து விழலாம்? பெரிய விசயங்களுக்கு எரிந்து விழுந்து இந்த நாட்டில் யாருக்கு என்ன கிடைத்தது? மின்சாரக் கட்டணத்தைக் கூட்டினால் நான் பேசாமல் போய்க் கட்டிவிட்டு வருவேன். ஆனால் பாண்காரரின் பாட்டு பாதியில் அறுந்தால் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

எந்தப் பாட்டு என்று இலங்கையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் றோஸ் பாண், சீனிப் பணிஸ், மாலுபணிஸ், மேலே ஒரு ஸ்பீக்கர். அதில் ஓடுவது பீத்தோவன் 1810 இல் எழுதிய 'ஃபியூர் எலீஸ்'. அவர் இருந்த காலத்தில் அது அச்சில் வரவே இல்லை. செத்து 40 வருசம் கழித்து, 1867 இல்தான் வெளியானது. இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவில் கிழக்கு ஒழுங்கைகளில் பாண் விற்கிறது. மகளைக் கீபோட் வகுப்பில் சேர்த்த புதிதில் ரீச்சர் அதை வாசித்துக் காட்டியிருக்கிறா. "ரீச்சர், இது பாண் பாட்டெல்லோ" என்று இவள் சொல்ல வகுப்பே சிரித்ததாம்.

இசையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஒழுங்கைக்கு வரும் ஓட்டோவில் அந்த மெட்டு முதல் வரியின் கடைசிச் சுரத்துக்கு முன்னால் நின்று, திரும்பவும் முதலில் இருந்து தொடங்கும். அதுதான் பிரச்சினை. அந்த ஒரு சுரம் இந்தா வருது, இந்தா வருது என்று பல் தீட்டிக்கொண்டே காத்து நிற்பேன். வராது. ஒருநாள் மனிசனை மறித்து, "அண்ணை, அந்தப் பாட்டைக் கொஞ்சம் முழுசாப் போடேலாதோ?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "றோஸ் பாண் முடிஞ்சுது தங்கச்சி, அச்சுப் பாண்தான் இருக்கு" என்றார்.

அடுத்தது வாட்ஸ்அப். காலை வணக்கப் பூக்களை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அதை அனுப்புகிற வயதில் இருப்பவர்களுக்கு அது 'இன்னும் இருக்கிறன்' என்ற அறிவித்தல். மன்னிக்க முடியாதது வொயிஸ் மெசேஜ். மாமி ஒன்று அனுப்பினால், முதலில் "ஹலோ... ஹலோ... பிள்ளை, கேக்குதோ?" என்று கேட்பா. கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பா. பிறகு கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போன கதை, பக்கத்து வீட்டார் மதில் உயர்த்துகிற கதை, முழங்கால் நோவு. இவ்வளவையும் தள்ளிவிட்டும் கேட்க முடியாது. "சரி பிள்ளை, வைக்கிறன்" என்று சொன்னதற்குப் பிறகுதான், மாமாவின் திவசம் எந்தத் திகதி, ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார் என்ற விசயமே வரும். எழுதி அனுப்புங்கோ மாமி என்று கெஞ்சினேன். அடுத்த நாள் கொப்பித் தாளில் பேனையால் எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பினா. படம் தலைகீழ். ஆனால் திகதி, நேரம், எத்தனை பேருக்குச் சமையல், எல்லாம் நாலு வரியில். இவ்வளவு சுருக்கமாக எழுதத் தெரிந்த மனுசி ஏன் வாய் திறந்தால் அப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அண்ணர் இருப்பது ரொறன்ரோவில். கோடையில் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை. அங்கே போய் எத்தனையோ வருசம், இன்னும் அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு எட்டு மணிக்கு ஆறுதலாக எடுப்பார். இங்கே கோடையென்றால் விடிய ஐந்தரை. "என்ன, நித்திரையோ?" என்பது முதல் கேள்வி.

போன் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். போன மாதம் வீட்டு இன்டர்நெட் படுத்துவிட்டது. எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால், தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்லி ஒரு குரல். அவ்வளவு இனிமை, அவ்வளவு சுத்தமான உச்சரிப்பு. அழுத்தினேன். பாட்டு. விளம்பரம். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானதாம். மீண்டும் பாட்டு. கடைசியில் ஒரு பெடியன் வந்து சிங்களத்தில் வணக்கம் சொன்னான். "தமிழ்?" என்று கேட்டேன். "பொட்டக் இன்ன மிஸ்" என்றான், கொஞ்சம் பொறுக்கட்டாம். திரும்பவும் பாட்டு, பிறகு லைன் அறுந்தது.

அந்தப் பெடியனில் பிழை இல்லை. மரியாதையாகத்தான் கதைத்தான். இரண்டாம் இலக்கத்துக்குப் பின்னால் அவனைக் கொண்டுவந்து இருத்தியவர்களைத்தான் கேட்க வேண்டும். தமிழ் இல்லையென்றால் இல்லையென்று முதலே சொல்லலாமே, நான் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் தொடங்கியிருப்பேன். 1987 இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. இரண்டை அழுத்தினால் தமிழ் வருவதற்கு இன்னும் எத்தனையாவது திருத்தம் தேவையோ! பின்னேரம் இங்கிலீசில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது, என் முறைப்பாடு தீர்க்கப்பட்டுவிட்டது என்று. றவுட்டரில் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது.

றோட்டுக்கு வருவோம். நான் ரவுணில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. ஸ்கூட்டியில்தான் போய்வருவது. எந்தப் பக்கமும் திரும்பாமல் கோண்டாவில் தொடங்கி ஆஸ்பத்திரி வரைக்கும் வலது சிக்னல் மின்னிக்கொண்டே போகிறவர்கள், ஒழுங்கை வாயிலை மறித்து மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே போன் கதைக்கிறவர்கள், இவர்களெல்லாம் தினசரி தரிசனம். ஆனால் என் இரத்தம் கொதிக்கிற இடம் ரயில் கடவை.

1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்க்க எத்தனை சனம்! இப்போது அதே ரயிலுக்கு இரண்டு நிமிசம் பொறுக்க ஒருவருக்கும் மனமில்லை. கேற் விழுந்ததும் முதல் வருகிறவர்கள் ஒழுங்காக இடது பக்கம் நிற்பார்கள். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் மெல்ல வலது பக்கம் நழுவி முன்னுக்குப் போகும். அதைக் கண்டு ஒரு ஓட்டோ. அதற்குப் பின்னால் ஒரு பட்டா லொறி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே நாடகம். ரயில் போய், கேற் உயர்ந்தால், குருசேத்திரத்தில் போல இரண்டு படை றோட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு நேருக்கு நேர் நிற்கும். சங்குக்குப் பதில் ஹோன். ரயில் போக எடுத்த நேரத்தைவிட, போன பிறகு நாங்கள் ஆளையாள் விலத்த எடுக்கிற நேரம்தான் கூட. வலது பக்கம் ஏறிய அந்த முதல் ஆளை எனக்கு ஒரு தடவை நிறுத்தி வைத்து, எங்கே போய்ச் சேர்ந்தீர் என்று கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு அவசரமென்று அவர் சொல்லக்கூடும். அங்கே நின்ற எல்லாருக்கும் அலுவலகம்தான்.

இப்படி எதையாவது சித்தப்பாவிடம் சொன்னால் போதும், தொடங்கிவிடுவார். "பிள்ளை, தொண்ணூறில கரண்ட் போனாப் பிறகு நாங்கள் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். உனக்கு ஒருநாள் இன்டர்நெட் இல்லையெண்டா உலகம் முடிஞ்சு போச்சோ?" இதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் வாய் திறக்க முடியாது. பற்றரிக்குத் தடை, சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிள் என்று அவருடைய பட்டியல் வரிசையாகப் போய், சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலத்தில்தான் முடியும். பெரிய துன்பம் பட்ட சனத்துக்குச் சின்ன எரிச்சல் வரக்கூடாது என்று ஒரு சட்டம் எங்கேயோ எழுதி வைத்ததுபோலத்தான் அவருடைய கதை.

அந்தப் பாலத்தில் நானும் நின்றேன். சின்னப் பிள்ளை. மழை, இருட்டு, அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கரியரில் மூட்டை, மூட்டையின் பக்கத்தில் தொங்கவிட்ட ஒரு அலுமினிய வாளி. ஒவ்வொரு அடிக்கும் வாளி மட்காட்டில் இடித்து 'டங்' என்றது. செம்மணி வெளி முழுக்க டங், டங். அன்றிரவு செல் சத்தம் கேட்டதா என்று யாராவது கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வாளிச் சத்தத்துக்கு யோசிக்கத் தேவையில்லை. அந்த மனிசன் ஒரு துண்டுக் கயிறால் அதை இறுக்கிக் கட்டியிருக்கலாம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

இதைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உங்கட சித்தி அந்த வழி முழுக்க, குசினி யன்னல் பூட்டினனீங்களோ, பூட்டினனீங்களோ எண்டு கேட்டு என்னை அரியண்டப்படுத்தினவள்" என்றார். சித்தி உள்ளே இருந்து, "பூட்டேல்லைத்தானே?" என்றா.

சரி. கோயில் லவுட்ஸ்பீக்கர் பற்றி எழுதினால் அடி விழும், ஆகையால் சுருக்கமாக. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007 இலேயே சொல்லிவிட்டது. எங்கள் பக்கத்தில் திருவிழாக் காலத்தில் நாலரைக்கே பனையில் கட்டிய ஸ்பீக்கர் முழங்கத் தொடங்கும். நாலு திசையில் நாலு கோயில், நாலு பாட்டு, ஒன்றின் வரியும் விளங்காது. அம்மனுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை, அவ பக்கத்தில்தான் இருக்கிறா.

கலியாண வீடுகளில் நான் கடைசியாக எப்போது தாலி கட்டுவதைக் கண்ணால் கண்டேன் என்று ஞாபகமில்லை. முகூர்த்தம் நெருங்க மேளம் உச்சத்துக்குப் போகும், எல்லாரும் அரிசி பூவோடு எழும்புவோம். சரியாக அந்த நேரம் மணவறைக்கு முன்னால் கமெராக்காரர் வரிசையாக வந்து நிற்பார்கள். வீடியோ ஒருவர், படம் இருவர், லைற் பிடிக்க ஒரு பெடியன், இப்போது தலைக்கு மேலே ட்ரோனும். நாங்கள் அவர்களின் முதுகுக்குத்தான் அரிசி போடுகிறோம். அண்மையில் ஒரு கலியாணத்தில், படம் சரியாக வரவில்லையென்று மாப்பிள்ளையின் கையை அப்படியே பிடித்து வைத்திருக்கச் சொன்னார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கமெராக்காரரைப் பார்த்தார். மேளகாரர் என்ன செய்வதென்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருந்தார். கேட்டால், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பார்க்க வேண்டுமாம். செலவழித்து, சீலை கட்டி, வெயிலுக்குள் வந்து இருக்கிற நாங்களும் சொந்தக்காரர்தானே.

இவையெல்லாவற்றையும் ஒரு தட்டிலும், "இந்தா வந்திட்டன்" என்ற ஒன்றை மறுதட்டிலும் வைத்தால் இரண்டாவது தட்டு நிலத்தில் இடிக்கும். தண்ணீர்த் தாங்கி கசிகிறது. பைப் வேலை செய்கிற அண்ணை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார். நான் அரைநாள் லீவு போட்டேன். பத்து மணிக்கு எடுத்தால், "இந்தா வந்திட்டன் அக்கா, கோண்டாவிலடியில நிக்கிறன்." பின்னால் குக்கர் விசில் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு பெண்குரல், "தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ." வரமுடியாது என்று ஒரு சொல் சொன்னால் நான் அலுவலகத்துக்குப் போயிருப்பேன். வருகிறேன் என்கிறவரை நம்பி வீட்டில் இருக்கிறவள் குளிக்கவும் முடியாது, கடைக்குப் போகவும் முடியாது, ஒரு கண்ணயரவும் முடியாது. படலைச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். அவர் வந்தது அடுத்த நாள் பின்னேரம். ஏதோ சொன்ன நேரத்துக்கு வந்தவர்போல முகம் முழுக்கச் சிரிப்பு.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் நல்ல சாட்டு இருந்தது. 1996 இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் தள்ளவில்லை. பத்து வருசமாக, புது நேரமோ பழைய நேரமோ என்று கேட்டுத்தான் எதையும் ஒழுங்கு செய்ய வேண்டியிருந்தது. 2006 சித்திரையில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. அதோடு அந்தச் சாட்டும் போயிற்று, பழக்கம் மட்டும் போகவில்லை.

எங்களுக்கு நேரம் தெரியாதென்றும் சொல்லமுடியாது. நல்லூரைப் பாருங்கள். 25 நாள் திருவிழா. ஒரு நாளாவது பூசை பிந்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா, அதுவும் மாறுவதில்லை, நேரமும் மாறுவதில்லை. இருபத்து நாலாம் நாள் தேர் குறித்த நேரத்துக்கு இருப்பிடத்தை விட்டு வெளிக்கிடும், அமைச்சர் வந்தாலும் வராவிட்டாலும். நேரத்துக்குப் பிந்தாத சாமி என்று தெரிந்தபடியால் சனமும் பிந்துவதில்லை. போன தேருக்கு நான் விடியவே போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால், குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, வடம் பிடிக்கத் தயாராக நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பைப் அண்ணைதான். "என்ன அக்கா, பிந்திட்டீங்கள்" என்றார்.

தாங்கி திரும்பவும் கசியத் தொடங்கியிருக்கிறது. நாளைக்கு அவருக்கு எடுக்க வேண்டும். இந்த முறை, "அண்ணை, வீட்டில சரியா ஒன்பது மணிக்குப் பூசை" என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.