நிபுணத்துவ முறைமைகள்: மீள்பரீட்சையில் தேறிய ஒருவனின் குறிப்புகள்

நிபுணரின் அறிவை ‘இப்படியானால் இது’ என்ற விதிகளாக்கிக் கணினிக்குக் கொடுக்கும் நிபுணத்துவ முறைமைகள் பாடத்தின் பெறுபேறு நேற்று முன்தினம் வெளியானது; தேறிவிட்டேன். எங்கள் பீடத்தில் மீள எழுதுபவருக்கு ‘சி’ தரத்துக்கு மேல் கிடையாது என்பதால், இம்முறை எல்லா வினாக்களுக்கும் குறைவின்றி எழுதியிருந்தும் பெறுபேற்றுத் தாளில் நிற்பது அந்த ஒற்றை எழுத்துத்தான்.

முதல் தடவை என்னை வீழ்த்தியது ஒரேயொரு வினா. ஐந்து விதிகளையும் மூன்று தொடக்க உண்மைகளையும் தந்து, அத்தகைய முறைமைகளை எழுதும் மென்பொருளான கிளிப்ஸ் அவ்விதிகளை எந்த ஒழுங்கில் இயக்கும் என்று கேட்டிருந்தார்கள். முதலாம் விதி இயங்கிய பின்னும் அதன் நிபந்தனைகள் அப்படியே நிறைவேறியிருந்ததைக் கண்டு, ‘இவ்வாறு முடிவின்றித் தொடரும்’ என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். ரிஃப்ரக்ஷன் என்ற சொல்லை என் கொப்பியில் இரண்டு இடங்களில் அடிக்கோடிட்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை. அதன் பொருளே, அதே உண்மைகளின் மேல் அதே விதி இரண்டாவது முறை இயங்காது என்பதுதான். ஆனால் ஓர் உண்மையை நீக்கிவிட்டு அதே உள்ளடக்கத்துடன் மீண்டும் சேர்த்தால், அது புதிய இலக்கத்துடன் வருவதால் விதி அதைப் புதியதாகவே கொண்டு மறுபடி இயங்கும். இந்த இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை வாசித்து அறிவது வேறு, தாளில் செய்து பார்த்து அறிவது வேறு.

ஆகவே கணினியை மூடிவிட்டு நான்கு நிரல்கள் கீறுங்கள்: சுற்று, நினைவிலுள்ள உண்மைகள், அஜென்டா (இயங்கக் காத்திருக்கும் விதிகளின் பட்டியல்), இயங்கிய விதி. சேலியன்ஸ், அதாவது விதிக்குக் கொடுத்த முன்னுரிமை எண், கூடியது முதலில். சமமாயின், கிளிப்ஸின் இயல்பான டெப்த் முறையில் புதிதாகத் தூண்டப்பட்டது மேலே. மீள்பரீட்சைக்கு முன்னர் இரண்டு மாதங்கள் நாளுக்கொன்றாக இப்படிச் செய்தேன். கூட்டாகப் படிப்பதைப் பலர் பரிந்துரைப்பார்கள். இந்தப் பாடத்துக்கு அது வீண் என்பதே என் எண்ணம், ஏனெனில் கூட்டத்தில் ஒருவர்தான் தடம் பிடிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

மற்றவை சுருக்கமாக:

- சேர்ட்டன்ட்டி ஃபக்டர் (ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டும் எண்): ‘அன்ட்’ நிபந்தனைகளில் மிகச் சிறியதை விதியின் பெறுமானத்தால் பெருக்குங்கள். ஒரே முடிவுக்கு 0.6, 0.5 வந்தால் 0.6 + 0.5 × (1 − 0.6) = 0.8. எதிர்க்குறி வந்தால் சூத்திரம் மாறும்: 0.8 உம் −0.5 உம் சேர்ந்தால் 0.3 அல்ல, 0.3 ஐ (1 − 0.5) ஆல் வகுத்து 0.6.
- நோயறியும் முறைமையான மைசின் பின்னோக்கியும் (கருதுகோளிலிருந்து சான்றுக்கு), கணினி உதிரிகளைப் பொருத்தும் முறைமையான எக்ஸ்கொன் முன்னோக்கியும் (உண்மைகளிலிருந்து முடிவுக்கு) செல்வது ஏன் என்பதற்குக் காரணம் எழுதுங்கள். நோயறிதலில் சோதிக்கக் கருதுகோள்கள் இருக்கின்றன; கணினி உதிரிகளைப் பொருத்துவதில் முடிவு முன்கூட்டி இல்லை, கட்டியெழுப்ப வேண்டும்.
- ரீட்டே (விதிகளை உண்மைகளோடு பொருத்தும் வழிமுறை): ஒரு சுற்றில் சில உண்மைகளே மாறுவதால், பழைய பொருத்தங்களைச் சேமித்து வைக்கிறது. படம் கீறத் தெரிந்தால் போதும்.

செயற்றிட்டத்தில் மட்டும் எனக்கு முதல் தடவையே நல்ல புள்ளி கிடைத்தது. நெற்பயிரின் நோய்களையும் பூச்சிகளையும் இனங்காணும் முறைமை ஒன்றை எடுத்துக்கொண்டு, குருமண்வெளியில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி மண்டூருக்குச் சென்று, அங்கிருந்து வெல்லாவெளியில் வயல் செய்யும் மாமாவிடம் போனேன். நெல்லைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சியை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். “கண்டாத் தெரியும், மருமகன்” என்றார். நிபுணரின் தலையிலிருப்பதை வெளியே எடுப்பதுதான் பெரிய இடர் என்று இத்துறையின் முன்னோடி ஃபைகன்பாம் சொன்னதாக விரிவுரையில் படித்தது அந்த வரம்பில் நின்றபோதுதான் விளங்கியது. ஒரு மணித்தியாலத்தில் விதி ஒன்றுகூடத் தேறவில்லை.

பிறகு கேள்வியை மாற்றினேன்: “ஏன் இது எரிபந்த நோய் இல்லை என்று சொல்றீங்க, மாமா?” உடனே குனிந்து பயிரின் அடியை விரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்த பூச்சிகளைக் காட்டினார். எரிபந்தமென்றால் இலையில் கண் வடிவப் புள்ளி, நடுவே சாம்பல் நிறம். அறக்கொட்டியென்றால் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகும். இரண்டுமே யூரியா கூடினால் கூடும் என்பதால், அதை மட்டும் வைத்துப் பிரிக்கக் கூடாது என்றும் சொன்னார். ‘எது’ என்று கேட்காமல் ‘ஏன் மற்றது இல்லை’ என்று கேட்டதனால், முறைமையின் 23 விதிகளில் 9 கிடைத்தன. ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள், அடுத்த கிழமை அதே கேள்விக்கு மாமா வேறு விடை சொன்னார்.