ஏக்கர் கணக்கில் விலை பேசப் போனோம்: எங்கள் மணல் காணி அனுபவம்

அம்மாவின் சீதனக் காணி மட்டக்களப்பில் கிரான் பக்கம். மேட்டுநிலம் இரண்டு ஏக்கர், அதற்குக் கீழே வயல் இரண்டு ஏக்கர். மேட்டில் கச்சானும் சோளனும் போடுவோம், அடியில் முழுக்க மணல். ஒரு ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே வந்து, ஆறடி ஆழத்துக்கு மணல் எடுக்க ஏக்கருக்கு 5 இலட்சம் தருகிறேன் என்றார். அப்பா இல்லாத வீடு, தங்கச்சியின் கலியாணம் வேறு நெருங்குகிறது. அம்மாவுக்கு அது பெரிய காசாகத்தான் தெரிந்தது. எனக்கும்தான், பொய் சொல்லக் கூடாது.

நில அளவை வேலை செய்யும் மச்சான்தான் பழைய கொப்பி ஒன்றின் பின்மட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஆறடி தோண்டினால் 261,360 கன அடி. நூறு கன அடி ஒரு கியூப் என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 2,613 கியூப். 5 இலட்சத்தை அதால் பிரித்தால் கியூபுக்கு 191 ரூபா! "டவுனில ஒரு கியூப் என்ன விலைக்குப் போகுதெண்டு டிப்பர்காரனைக் கேட்டுப் பாரு" என்றான். கேட்டேன். அன்றோடு ஏக்கர்ப் பேச்சை விட்டு, கியூப் கணக்குக்கு மாறினோம். வரம்போரம் விடும் இடைவெளி, குழியின் சரிவு எல்லாம் போக அந்தளவு மணல் வராதுதான், ஆனாலும் 191 எங்கே, சந்தை விலை எங்கே.

அடுத்த முறை அவர் வேறு கதையோடு வந்தார். "தம்பி, மணல் உங்கட இல்ல, அரசாங்கத்துட சொத்து. காணிக்கு மட்டும்தான் நீங்க காசு கேக்கலாம்." அது பொய்யில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் அரசுடையது, அதை எடுப்பதற்குக் கட்டும் ரோயல்ட்டி என்ற உரிமைப் பணமும் அரசுக்குத்தான் போகிறது. ஆனால் தனியார் காணியில் தோண்டுவதற்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் கேட்கும்போது காணிக்காரரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். எங்கள் கையில் இருந்த பலம் அந்த ஒரு கையெழுத்துத்தான், அதை அவசரப்பட்டுப் போடவில்லை. (எங்களுடையது உறுதிக்காணி, அதாவது சொந்தப் பெயரில் உறுதி உள்ளது. அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால் பிரதேச செயலகத்தைக் கேளாமல் குத்தகைக்கே கொடுக்க ஏலாது.) கீழ் வயலையும் கேட்டார். வயலில் மண் அள்ளக் கமநல அபிவிருத்தித் திணைக்கள அனுமதி வேறு வேண்டும், அம்மா அதைப் பற்றிப் பேசவே விடவில்லை.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "தோண்டிப்போட்டுப் போயிருவானுகள், மறுகா ஆரு மூடுற?" உண்மையில் எங்கள் உடன்படிக்கையின் பாதி அந்தக் கேள்விக்கான பதில்தான். காணியைப் பழையபடி ஆக்க ஒப்பந்தக்காரர் பணியகத்தில் கட்டும் வைப்புப்பணம் எங்கள் கைக்கு வருவதில்லை. அதனால் தனியாக ஒரு தொகையை எங்கள் சட்டத்தரணியிடம் கட்ட வேண்டும், குழி மூடின பிறகுதான் அது அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்று எழுதினோம். மேல்மண்ணை ஒரு புறம் குவித்து வைக்க வேண்டும், கச்சான் போடாத போகங்களுக்கு நட்டஈடு, எங்கள் மேட்டில் அரைப்பங்குக்குக் கச்சான் செய்த அண்ணனுக்கும் அதில் அவர் பங்கு, பக்கத்து மாமாவின் வரம்போ கிணறோ கெட்டால் அதற்கும் பொறுப்பு. கடைசி இரண்டையும் ஒப்பந்தக்காரர் வெட்டச் சொன்னார், நாங்கள் நின்றுகொண்டோம். கியூப் விலை 191இன் இரட்டிப்புக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. இன்னும் ஏற்றியிருக்கலாம், தங்கச்சியின் கலியாணத் திகதி விடவில்லை.

நாங்கள் கோட்டை விட்டது அளவில். குழியில் கிடக்கும் மணல் தோண்டி ஏற்றினால் பொருமிவிடும், டிப்பரில் பத்துக் கியூப் ஏறினது குழியை அளந்தால் பத்து வராது. உடன்படிக்கையில் கியூப் என்று மட்டும்தான் இருந்தது, எங்கே அளக்கிற கியூப் என்று இல்லை. தம்பி குழியடி வாடியில் (கொட்டிலில்) குந்தியிருந்து ஒவ்வொரு லோடையும் எழுதினான், மணல் ஏற்றிப் போக எடுத்த போக்குவரத்து அனுமதிப்பத்திரங்களோடு அது ஒத்தும் போனது. இருந்தும் ஒப்பந்தக்காரர் குழியைத்தான் அளப்பேன் என்று நின்றார். கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு தொகைக்கு இறங்கி வந்தோம், அதில் எங்களுக்கு நட்டம்தான்.

மார்கழி மழைக்குக் குழி நிரம்பி மாமாவின் வரம்பு சரிந்தது. ஒப்பந்தக்காரர் அது வெள்ளத்தின் வேலை என்றார். குழி இல்லாத காலத்திலும் வெள்ளம் வந்திருக்கிறது, அந்த வரம்பு போனதில்லை. சட்டத்தரணியிடம் இருந்த காசில் வரம்பு கட்டினோம். கிழக்கு மூலையில் மூடாமல் விட்ட மூன்றடிப் பள்ளத்துக்கும் அதிலிருந்தே மண் பறித்தோம், மிச்சம் ஒப்பந்தக்காரருக்குப் போனது. மேல்மண் பரப்பின பக்கத்தில் இந்த முறை சோளன் மட்டும் போட்டிருக்கிறோம், கச்சானுக்கு அந்த மண் இன்னும் சரிவரவில்லை.