ஒவ்வொரு பாகத்துக்கும் தேதி பார்த்து ஒரு மஸ்டாங்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய கார் பைத்தியம் பிடிப்பது புதிதல்ல. எனக்குப் பிடித்தது ஃபோர்டின் 1969 மஸ்டாங் மாக் 1. பக்கத்து டியர்போர்ன் ஆலையிலேயே கட்டிய வண்டி. ஓடாத நிலையில்தான் வாங்கினேன். ஆலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்கிவிடுவது என்று இறங்கினேன்.

முதல் வேலை காகித வேலைதான். என் வண்டியின் சேஸிஸ் எண் 9எஃப்02எச் என்று தொடங்கும். 9 என்றால் 1969, எஃப் டியர்போர்ன், 02 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும்) பாடி, எச் என்பது இரண்டு பேரல் (காற்று இறங்கும் துளை) கார்புரேட்டர் வைத்த 351 கன அங்குல எஞ்சின். 1967 முதலான ஃபோர்டு தயாரிப்புப் பதிவுகள் கெவின் மார்ட்டி என்ற ஃபோர்டு ஆவண நிபுணரிடம் இருக்கின்றன. பணம் கட்டினால் நிறம், கூடுதல் வசதிகள், எந்த டீலருக்குப் போனது என்பதெல்லாம் அறிக்கையாக வரும். என்னுடையது மார்ச் மாத வண்டி. பவர் ஸ்டியரிங் உண்டு, முன்பக்க டிஸ்க் பிரேக் கிடையாது. இந்த அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு போல்ட்கூட வாங்காதீர்கள்.

அப்புறம் எஞ்சின். பிளாக்கின் பின்பக்கத்தில் அப்பியிருந்த கிரீஸைத் துடைத்ததும், சேஸிஸ் எண்ணின் கடைசிப் பகுதி அங்கேயும் குத்தியிருந்தது தெரிந்தது. வண்டியோடு வந்த அதே எஞ்சின்! பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது.

ஆனால் இடையில் யாரோ வேகத்துக்கு ஆசைப்பட்டு, நான்கு பேரல் கார்புரேட்டரையும், அதிலிருந்து எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டுபோகும் அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டையும் மாட்டியிருந்தார்கள். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் ஆட்டோலைட் 2100 கார்புரேட்டரும் எங்கே போயினவோ. ஒரு காலத்தில் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இன்று தேடி அலைகிறோம்.

இங்கேதான் ஜாதகப் பொருத்தம் ஆரம்பிக்கிறது. ஃபோர்டு வார்ப்புகளில் தேதி இருக்கும்: 9பி12 என்றால் 1969 பிப்ரவரி 12. மார்ச் வண்டிக்கு இது பொருந்தும். ஏப்ரல் தேதி போட்ட பாகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஆகாது. வண்டிக்குப் பிறகு பிறந்தது எப்படி அதில் இருந்திருக்கும்? பாக எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சி9இசட் என்று தொடங்கினால்தான் 1969 மஸ்டாங் பாகம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூன்றாவது எழுத்து, எந்த மாடலுக்காக முதலில் வடிவமைத்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். என் வண்டியில் இருக்கும் 351 விண்ட்சர் வகை எஞ்சினின் வார்ப்புகளில் இருப்பது சி9ஓஇ. ஓ என்பது ஃபேர்லேன் என்ற இன்னொரு ஃபோர்டு வரிசை. இதனாலேயே பழைய சாமான் சந்தையில் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்த மேனிஃபோல்ட் எனக்குக் கிடைத்தது. கார்புரேட்டரும் பிறகு கிடைத்தது, ஆனால் மேல்மூடித் திருகில் தொங்க வேண்டிய சின்ன உலோக அடையாளத் தகடு இல்லாமல். அது எப்போதும் தொலைந்துதான் போயிருக்கும்.

துரு வேலையில்தான் உயிர் போனது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கவுல் பகுதிக்குள் மழைநீர் இறங்கித் தேங்கும். உள்ளே துருப்பிடித்தால் தண்ணீர் கால் வைக்கும் இடத்தில் ஒழுகும். வாங்கப் போகும்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரி செய்ய ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டைக் கழற்ற வேண்டும். முன் ஃபெண்டர்களுக்குப் புதிய நகல்கள் கிடைத்தும், நசுங்கிய பழையவற்றையே தட்டி நிமிர்த்தினேன். கதவோடு சேரும் இடைவெளி பழைய தகட்டில்தான் சரியாக உட்கார்ந்தது. கார்லைட் (ஃபோர்டின் சொந்தக் கண்ணாடி பிராண்ட்) முத்திரை உள்ள பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் கீறல்களோடு விட்டுவிட்டேன்.

அடிப்பாகத்தைச் சுரண்டியபோது செம்மண் நிற பிரைமரும், ஓரங்களில் தெறித்திருந்த பாடி பெயின்ட்டும், ஆலை ஊழியர்கள் கிறுக்கிய கிரேயான் கோடுகளும் தெரிந்தன. எல்லாவற்றையும் படமெடுத்து அப்படியே திரும்பப் போட்டோம். கண்காட்சிகளில் அடிப்பாகம் நிலைக்கண்ணாடி மாதிரி மின்னும் மஸ்டாங்குகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆலையில் யாருக்கு அவ்வளவு நேரம் இருந்தது?

பிரேக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், டயர்கள் மட்டும் புத்தம் புதியவை. அந்தக் காலத்து பயாஸ் டயருக்குப் பதிலாக ரேடியல். போட்டிக்குப் போனால் நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள், குறைக்கட்டும். நான்கு டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் ஓட்டப் போவது நான்தானே.