பந்து உருண்டு வரும்போது

காட்பாடியில் நாங்கள் மாலைதோறும் பிக்கிள்பால் (சிறு மட்டையால் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடித்து, பெரும்பாலும் இருவர் இருவராக ஆடும் ஆட்டம்) ஆடும் திடலில், தலைக்கு மேல் எழும்பிய பந்தை அண்ணாந்து பார்த்தபடியே பின்னோக்கி ஓடிய பெரியவர் ஒருவர் மல்லாந்து விழுந்ததைச் சென்ற மாதம் கண்ணெதிரே கண்டேன். ஊன்றிய மணிக்கட்டு உடனே வீங்கிவிட்டது. உடலைத் திருப்பிக்கொண்டு ஓடியிருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார்.

ஆடுகளம் 44 அடி நீளமும் 20 அடி அகலமுமே என்பதால் களங்கள் நெருங்கியே அமைகின்றன; பக்கத்துக் களத்துப் பந்து காலடிக்கு உருண்டு வருவது சகஜம். அப்போது "பந்து!" என்று உரக்கக் கூவுவதும், கேட்டவுடன் நால்வரும் ஆட்டத்தை நிறுத்துவதும், அந்தப் புள்ளியை மறுபடி ஆடுவதும் கட்டாயம் என்பதே என் கருத்து. நம் பக்கம் விழுந்த பந்து கோட்டில் பட்டதா என்ற ஐயம் எழுந்தால், அதன் பலனை எதிரணிக்கே தந்துவிட வேண்டும்.

பெரியவர் மீண்டும் ஆட வருகிறார். பந்து உயர்ந்தால், "திரும்பி ஓடுங்க ஐயா" என்று குரல் கொடுக்கிறோம்.