செயின் சோ எஞ்சினை வீட்டில் பூட்டிய நாட்கள்

2024 ஆகஸ்ட் 3, சனி. கல்லடி

சென்ற மாரிக்கு முன்னர் ஒரு திருத்துமிடத்தில் புதிய பிஸ்டன் போடுவித்துக் கொண்டுவந்த, மரம் அரியும் என் சிறிய செயின் சோ, மூன்று மாதங்களுக்குள் மறுபடியும் இறுகி நின்றுவிட்டது. இம்முறை யாரிடமும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்து, நானே கழற்றினேன். வேம்பின் கிளையொன்று குசினிக் கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கிறது; வாடைக்காற்று தொடங்குவதற்குள் அதை இறக்கியாக வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் இந்த வளவின் தென்னைகள் விழுந்ததையும், அவற்றைக் கைவாளாலும் கோடரியாலும் அரிந்து ஒதுக்க வாரக்கணக்கானதையும் அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் ஆதலால், கூரைக்கு மேல் நிற்கும் கிளையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடிவதில்லை.

எஞ்சின் மிகச் சிறியது. சிலிண்டரின் விட்டம் 38 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 28 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 32 சீசீ வருகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிஸ்டனிலுள்ள காயம் முழுவதும் புகை வெளியேறும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒயில் கலக்காத பெற்றோலை ஊற்றியிருந்தால் பெரும்பாலும் சுற்றிவரக் கீறுப்பட்டிருக்கும். ஆகவே காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவையில் ஓடிச் சூடேறியிருக்கிறது என்றே கொள்ளவேண்டும். இதைப் போன்ற இரண்டடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் ஒயிலும் பெற்றோலுடன்தான் வருகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறைந்துவிடும்.

அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பதை இன்று பின்னேரம் கண்டுகொண்டேன். தண்டு வெளியே வரும் இடத்தில் காற்றுப் புகாமல் தடுக்கும் றப்பர் வளையம்தான் சீல். பிளைவீல் (தண்டோடு சுழலும் காந்தச் சில்லு) பக்கத்து சீலைச் சுற்றி, ஒயிலில் ஊறிய மரத்தூள் கரிய பட்டையாகப் படிந்திருந்தது. சீலின் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்குக் காய்ந்து போயிருந்தது. பிஸ்டனை மாற்றியவர்கள் சீலை மாற்றவில்லை. அரியாமல் சும்மா ஓடவிடும்போது எஞ்சின் தானாகவே வேகமெடுப்பதைக் கடைசி வாரத்தில் நான் காதால் கேட்டும், அதைப் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் குறை என்று எண்ணித் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போதே நிறுத்தியிருந்தால் பிஸ்டன் தப்பியிருக்கும்.

ஆகஸ்ட் 10, சனி

உதிரிப்பாகங்கள் கிடைத்துவிட்டன: பிஸ்டன், அதைச் சுற்றி அமரும் ரிங், இரண்டு சீல்கள், காபரேற்றரின் மெல்லிய றப்பர் தகடுகள்.

சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் ஒட்டியிருந்தது. சுவரின் கடினப் பூச்சு உரியவில்லை என்பதால் சிலிண்டரைக் காப்பாற்ற முடிந்தது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்று எனக்குப் பின்னாலிருந்து வீசும்படி வளவின் ஓரத்தில் அமர்ந்து, பஞ்சு சுற்றிய குச்சியால் ஹைட்ரோகுளோரிக் அசிட்டை ஒட்டிய இடத்தில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தேன். அலுமினியம் நுரைத்துக் கரைகிறது. நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று பொருள். சிலிண்டர் சுவரிலுள்ள துவாரங்களின் விளிம்பில் பூச்சில்லாத அலுமினியம் இருப்பதால் அங்கே ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு நிறையத் தண்ணீரால் கழுவி, உடனேயே ஒயில் பூசினேன்.

ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி அதன் இரு நுனிகளுக்கிடையே அளந்தபோது 0.2 மில்லிமீற்றர் இருந்தது. இந்த விட்டத்துக்கு அது போதும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கச்சான் காற்று புழுதியை வாரி இறைப்பதால் யன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் பூட்டினேன். வியர்வை சொட்டாமல் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டேன்.

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் பக்கத்தை நோக்க வேண்டும். பிஸ்டன் ஊசியைத் தடுக்கும் கம்பி வளையத்தின் வாய் மேலோ கீழோ பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டனின் அசைவிலேயே வளையம் சுருங்கிக் கழன்று சிலிண்டரைக் கெடுத்துவிடக்கூடும். மகனிடம், “மகன், அந்தப் பழஞ்சீலையால பிஸ்டனைச் சுத்தி மூடிப் பிடியுங்க” என்று சொல்லிவிட்டே வளையத்தைச் செருகினேன். ஒருமுறை அது தெறித்துச் சீலைக்குள் விழுந்தது. ரிங்கின் இரு நுனிகளும் பள்ளத்திலுள்ள சிறு முளையின் இரு பக்கமும் அமர்ந்தால்தான் ரிங் சுழன்று துவாரத்தில் மாட்டாது.

இந்த வகை எஞ்சினில் சிலிண்டரும் மேற்பாதிக் கூடும் ஒரே வார்ப்பு. தண்டு, பெயாரிங், சீல் எல்லாவற்றையும் அதில் அமர்த்தி, கீழ்த்தகட்டை வைத்து நான்கு போல்டுகளால் இறுக்குகிறோம். இடையில் பெக்கிங் கிடையாது. வெப்பத்தையும் பெற்றோலையும் தாங்கும் சிலிக்கோன் பசைதான். அதிகமாகப் பூசினால் உள்ளே பிதுங்கும் துணுக்கு பின்னர் உடைந்து எங்காவது அடைக்கும் என்று அஞ்சி, மிக மெல்லியதாக இழுத்தேன். போல்டுகளைக் குறுக்காக மாறி மாறி இறுக்கி, ஒரு நாள் காய விட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சோதனை தோல்வி.

சைக்கிள் டியூப்பில் வெட்டிய றப்பர் துண்டுகளால் உள்வரும் வழியையும் புகை வழியையும் அடைத்து, பிளக்கை இறுக்கி, காபரேற்றருக்குக் காற்றுத் துடிப்பை அனுப்பும் சிறு குழாயில் 60 மில்லிலீற்றர் சிரிஞ்சைப் பொருத்தினேன். தள்ளிப் பார்ப்பது மட்டும் போதாது, இழுத்தும் பார்க்க வேண்டும். உள்ளிருந்து அழுத்தும்போது சில சீல்களின் உதடு தண்டோடு ஒட்டிக்கொண்டு குறையை மறைக்கும், உறிஞ்சும்போதுதான் குறை வெளிப்படும். இழுத்துப் பிடித்தேன், பிடி மெல்லத் தளர்ந்தது. சவர்க்காரத் தண்ணீரைத் தடவிவிட்டுத் தள்ளியபோது, கிளச் பக்கத்து சீலும் கீழ்த்தகடும் சந்திக்கும் மூலையில் குமிழி வந்தது. பசையை மெல்லியதாக இழுக்கிறேன் என்று அந்த மூலையை விட்டுவிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

மீண்டும் கழற்றி, பசையை முழுவதும் சுரண்டி, இரு முகங்களையும் துடைத்து, சீல்களும் கீழ்த்தகடும் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் முதலில் ஒவ்வொரு பொட்டு வைத்துவிட்டுப் பின்னர் சுற்றிவர இழுத்தேன். பொறுமை குறைந்த வேளையில் செய்யக்கூடாது என்றே இவ்வளவு நாள் கைவைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள். போயா (பௌர்ணமி) விடுமுறை

சிரிஞ்சை இழுத்து ஐந்து நிமிடம் பிடித்தேன். தண்டை இரண்டு முறை சுற்றியும் பார்த்தேன். பிடி அசையவில்லை. எனக்கு உண்மையான மகிழ்ச்சி இந்த ஐந்து நிமிடத்தில்தான் கிடைத்தது.

பிறகு வேலை விரைந்தது. பிளைவீலின் காந்தத்துக்கும், பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயிலுக்கும் இடையே ஒரு விசிட்டிங் காட்டை வைத்து, ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு இறுக்கினேன். கிளச் இடமரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பித்தான் இறுக்க வேண்டும். தண்டு சுழலாதிருக்கப் பிளக் துவாரத்தால் கயிற்றை நுழைத்தேன். பிஸ்டன் மேலேறிப் புகைத் துவாரத்தை மூடிய பின்னரே நுழைக்க வேண்டும். இல்லாவிட்டால் கயிறு துவாரத்தில் சிக்கும்.

ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் இரண்டடி ஒயில் கலந்தேன். ஒன்பதாவது இழுவைக்கு எஞ்சின் பிடித்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

முதலில் வேலியோரத்துப் பூவரசின் காய்ந்த தடிகளை மட்டும் அரிந்தேன். புதிய ரிங்கை உடனே கடும் வேலையில் போடுவது நல்லதல்ல. இரண்டாவது தாங்கிப் பெற்றோல் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்: நுனி இளம் பழுப்பு. சூடேறிய பின்னரும் எஞ்சின் தாழ்ந்த ஓசையிலேயே நின்றது, செயின் அசையவில்லை. வேம்பின் கிளைக்குக் கயிறு கட்டி இறக்க இரண்டு பேர் வேண்டும். அடுத்த ஞாயிறு மச்சான் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.